நிலத்தையா, நிலத்துக்கு உரியவரையா? 'டிப்ரைவ்' என்னும் ஆங்கில வினைச்சொல்லைக் கையாளும் முறை

'டிப்ரைவ்' என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடும் தமிழ் மாணவருக்கு முதலில் கிடைக்கும் சொல் பெரும்பாலும் 'பறி' என்பதாகவே இருக்கும். அந்தப் பொருள் தவறன்று. ஆனால் அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால், சொல் சரியாக இருக்க, வாக்கியம் பிழையாகிவிடுகிறது. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியிலோ பணியிடத்திலோ ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நிலைக்கு வந்தவர்களின் கட்டுரைகளையும் விண்ணப்பங்களையும் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். இந்தச் சொல்லில் நேரும் பிழை ஏறத்தாழ எல்லாரிடமும் ஒரே வடிவத்தில் வருகிறது. அதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று. தமிழ் வாக்கிய அமைப்பை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுசெல்வதுதான். ஆகவே இலக்கண விதியை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், தமிழும் ஆங்கிலமும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும்.

முதற்படி: இழந்தவர் யார் என்று கேளுங்கள்

'அவர்கள் விவசாயியிடமிருந்து நிலத்தைப் பறித்தார்கள்' என்று தமிழில் சொல்கிறோம். இங்கே 'ஐ' உருபை ஏற்றுச் செயப்படுபொருளாக நிற்பது நிலம். விவசாயியோ 'இடமிருந்து' என்னும் நீங்கல் பொருளில் நிற்கிறார். இதே அமைப்பை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் 'தே டிப்ரைவ்ட் த லேண்ட் ஃப்ரம் த ஃபார்மர்' என்கிறார். இது பிழை. 'தே டிப்ரைவ்ட் த ஃபார்மர் ஆஃப் ஹிஸ் லேண்ட்' என்பதே சரியான வாக்கியம். இந்த வினைச்சொல்லின் செயப்படுபொருளாக வர வேண்டியவர் இழந்தவரே. அவர் இழந்தது எதுவோ அது 'ஆஃப்' என்னும் முன்னிடைச்சொல்லைத் தொடர்ந்து பின்னால் வர வேண்டும்.

இந்த அமைப்பு தமிழுக்கு முற்றிலும் அந்நியமானது என்று எண்ண வேண்டியதில்லை. 'அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள்' என்று நாமும் சொல்கிறோம்; அங்கே ஆள் செயப்படுபொருளாகவும், அவர் இழந்த பதவி நீங்கல் பொருளிலும் நிற்கின்றன. 'டிப்ரைவ்' என்பதன் வரலாறும் இதற்கு நெருக்கமானதே. இலத்தீனில் 'தனி' என்று பொருள்படும் 'ப்ரீவுஸ்' என்னும் சொல்லிலிருந்து, பிரித்தல், இழக்கச் செய்தல் என்னும் பொருளுடைய வினைச்சொல் பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, சமயக் குருமார்களைப் பதவியிலிருந்து நீக்குவதற்கும் பயன்பட்டது. தனியார் என்னும் பொருளுடைய 'ப்ரைவேட்', சலுகை என்னும் பொருளுடைய 'ப்ரிவிலேஜ்' ஆகியவையும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஆங்கில 'ஆஃப்' என்பதற்கும் பழங்காலத்தில் 'விட்டு நீங்கி' என்பதே அடிப்படைப் பொருள். இரண்டு 'எஃப்' எழுத்துகளுடன் எழுதப்படும் மற்றோர் 'ஆஃப்' இதிலிருந்து பிரிந்த சொல்லே. எனவே 'நிலத்தை விட்டு விவசாயியைப் பிரித்தார்கள்' என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால், ஆங்கில வாக்கியத்தின் ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய இடத்தில் வந்து அமர்ந்துவிடும்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதைவிட எளிய வழி. உங்கள் குறிப்பேட்டில் 'டிப்ரைவ்' என்பதற்கு நேராக எழுதியுள்ள 'பறி' என்பதை அடித்துவிட்டு, 'இழக்கச் செய்' என்று எழுதிக்கொள்ளுங்கள். 'இழக்கச் செய்' என்பது பிறவினை, அது 'யாரை?' என்ற கேள்வியைத் தானாகவே எழுப்பும். 'அந்தச் சட்டம் அவர்களை வீடு இழக்கச் செய்தது' என்று தமிழில் எழுதிப் பார்த்த பிறகு ஆங்கிலத்துக்குச் செல்பவர், 'அவர்களை' என்பதை வினைச்சொல்லுக்கு அடுத்தும், 'வீடு' என்பதை 'ஆஃப்' என்பதற்கு அடுத்தும் வைப்பார்.

இங்கே ஒரு பிழையைத் தனியாகச் சுட்ட வேண்டும், ஏனெனில் அது சரியான வாக்கியத்தைப் போலவே தோற்றமளிக்கிறது. 'இச்சட்டம் தொழிலாளர்களின் உரிமைகளைப் பறிக்கிறது' என்பதை 'திஸ் லா டிப்ரைவ்ஸ் த ரைட்ஸ் ஆஃப் ஒர்க்கர்ஸ்' என்று எழுதுகிறார்கள். வினைச்சொல் இருக்கிறது, 'ஆஃப்' இருக்கிறது, தொழிலாளரும் உரிமையும் இருக்கின்றன. ஆனால் அந்த 'ஆஃப்' தொழிலாளருடைய உரிமைகள் என்னும் உடைமைப் பொருளைத் தருகிறதே தவிர, இழப்பைக் குறிக்கவில்லை. அப்படியே படித்தால், உரிமைகள்தாம் எதையோ இழந்தன என்று பொருள்படும். 'திஸ் லா டிப்ரைவ்ஸ் ஒர்க்கர்ஸ் ஆஃப் தேர் ரைட்ஸ்' என்று இடம் மாற்ற வேண்டும். வினைச்சொல்லுக்கு அடுத்து நிற்கும் பெயர் யாருடையது என்று விரல் வைத்துப் பாருங்கள்; அது இழப்புக்கு ஆளானவரின் பெயராக இல்லையென்றால் வாக்கியத்தைத் திருப்பி எழுதுங்கள்.

இழப்பவர் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. செடியை வெளிச்சம் இழக்கச் செய்யலாம், மூளையை உயிர்வளி இழக்கச் செய்யலாம், ஓர் ஊரைத் தண்ணீர் இழக்கச் செய்யலாம். 'த க்ளாட் டிப்ரைவ்ட் த ப்ரெய்ன் ஆஃப் ஆக்ஸிஜன்', அதாவது இரத்தக்கட்டி மூளைக்கு உயிர்வளி கிடைக்காமல் செய்தது என்பது மருத்துவ எழுத்தில் வழக்கமான வாக்கியம்.

எழுத்தும் ஒலியும்

எழுத்துக்கூட்டு டி, இ, பி, ஆர், ஐ, வி, இ. அசைகள் இரண்டு, அழுத்தம் இரண்டாம் அசையின் மீது விழும். இறுதியில் வரும் 'வி' ஒலியை மேற்பல் கீழிதழில் பொருந்துமாறு ஒலிக்க வேண்டும். நம் வகரத்தின் பிறப்பைத் தமிழ் இலக்கணம் கூறும் முறையும் இதுவே, ஆகவே அதில் தனிப் பயிற்சி தேவைப்படாது. பெயர்ச்சொல்லான 'டெப்ரிவேஷன்' என்பதில் 'ஐ' ஒலி 'இ' ஆகக் குறுகி, அழுத்தம் 'வே' என்னும் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. வினைச்சொல்லின் ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு 'டிப்ரைவேஷன்' என்று சொல்வது பரவலாகக் கேட்கும் பிழை.

எழுத்துப் பிழைகளில் ஒன்று மட்டும் மானத்தைக் கெடுக்கக்கூடியது. 'டிப்ரைவ்ட்' என்பதில் உள்ள 'ஐ' எழுத்துக்குப் பதிலாக 'ஏ' எழுத்தை இட்டால் அது 'டிப்ரேவ்ட்' ஆகிவிடும். அதன் பொருள் ஒழுக்கம் கெட்டவர் என்பது. வசதி வாய்ப்புகள் இல்லாத குழந்தைகளுக்காக உதவி கோரி எழுதப்பட்ட ஒரு கடிதத்தில், அந்தக் குழந்தைகள் அனைவரையும் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று குறிப்பிட்டிருந்ததை நான் திருத்தியிருக்கிறேன். கணினியின் எழுத்துத் திருத்தி இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் இரண்டுமே ஆங்கிலச் சொற்கள். கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் இந்த ஒரு சொல்லைக் கண்ணால் தேடிச் சரிபார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: இரண்டு குடும்பங்களைப் பிரித்து அறியுங்கள்

எடுத்தல், நீக்குதல், பறித்தல் என்னும் பொருள்களில் வரும் ஆங்கில வினைச்சொற்களை அவற்றின் வாக்கிய அமைப்பைக் கொண்டு இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒரு குடும்பத்தில் எடுக்கப்பட்ட பொருள் செயப்படுபொருளாக வரும். ஆள் 'ஃப்ரம்' என்பதற்குப் பின்னால் வருவார். 'டேக் அவே', 'ஸ்டீல்', 'ரிமூவ்', 'வித்ட்ரா', 'கான்ஃபிஸ்கேட்' ஆகியவை இதைச் சேர்ந்தவை. இவை தமிழ் அமைப்போடு ஒத்துப்போவதால் நமக்குச் சிக்கல் தருவதில்லை. மற்றொரு குடும்பத்தில் ஆள் செயப்படுபொருளாகவும், பொருள் 'ஆஃப்' என்பதற்குப் பின்னாலும் வரும். 'டிப்ரைவ்' இந்த இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்தது. 'ராப்', 'ஸ்ட்ரிப்', 'டிஸ்பொசெஸ்', 'ரிலீவ்', 'க்யூர்' ஆகியவை அதன் உறவினர்.

இரு குடும்பங்களின் வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் இணை 'ஸ்டீல்', 'ராப்' என்பவை. திருடன் பணத்தை 'ஸ்டீல்' செய்கிறான். வங்கியை அல்லது ஆளை 'ராப்' செய்கிறான். 'ஹி ராப்ட் த மனி' என்று எழுதினால் பணத்திடமிருந்து எதையோ கொள்ளையடித்தான் என்றாகிவிடும். 'ஹி ராப்ட் ஹர் ஆஃப் ஹர் சேவிங்ஸ்', அதாவது அவளுடைய சேமிப்பை அவளிடமிருந்து கொள்ளையடித்தான் என்பதே சரி.

அரசு அலுவலகங்களில் பணியாற்றுவோர் 'ரிலீவிங் ஆர்டர்' என்னும் சொல்லை அறிவார்கள். பணியிலிருந்து விடுவிக்கப்படுபவரை 'ஹி வாஸ் ரிலீவ்ட் ஆஃப் ஹிஸ் ட்யூட்டீஸ்' என்று எழுதும்போது நாம் எல்லாரும் 'ஆஃப்' என்பதையே சரியாகப் பயன்படுத்துகிறோம், ஏனெனில் அந்தத் தொடரை முழுமையாகக் கண்டு பழகியிருக்கிறோம். 'டிப்ரைவ்' என்பதையும் தனிச்சொல்லாக அல்லாமல் 'டிப்ரைவ் சம்படி ஆஃப் சம்திங்' என்னும் நான்கு சொல் தொடராகவே மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இக்குடும்பத்துக்குள்ளும் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிச்சுவை உண்டு. 'ஸ்ட்ரிப்' என்பதில் தண்டனையும் அவமதிப்பும் கலந்திருக்கும். 1988 சோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்த கனடாவின் பென் ஜான்சன் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியபோது, 'ஹி வாஸ் ஸ்ட்ரிப்ட் ஆஃப் ஹிஸ் கோல்ட் மெடல்' என்றே எழுதினார்கள். அங்கே 'டிப்ரைவ்' பொருந்தாது, ஏனெனில் 'டிப்ரைவ்' என்பதில் இழந்தவர் மீது ஓர் இரக்கமோ, அவருக்கு அது கிடைத்திருக்க வேண்டும் என்ற எண்ணமோ மெல்லியதாக ஒலிக்கும். 'ரிலீவ்', 'க்யூர்' ஆகியவை வேண்டாத ஒன்றை நீக்குவதற்கு உரியவை. தலைவலியை மருந்து போக்கியது என்பதற்கு 'டிப்ரைவ்' பயன்படுத்தக் கூடாது. வலியை இழந்ததற்காக யாரும் வருந்துவதில்லை. 'டிப்ரைவ்' என்பதன் பின்னால் வரும் பொருள் தேவையானதாக, மதிப்புள்ளதாக, உரிமையானதாக இருக்க வேண்டும்: உணவு, உறக்கம், சுதந்திரம், சொத்து, வாய்ப்பு, தாயன்பு. நண்பர் உங்கள் பேனாவை எடுத்துச் சென்றதற்கு இச்சொல்லைப் பயன்படுத்தினால், ஒரு சிறு நிகழ்வுக்கு நீதிமன்ற மொழியைப் போர்த்தியதாகிவிடும்.

மூன்றாம் படி: எடுத்தவருக்கு அது கிடைத்ததா என்று பாருங்கள்

'பறி' என்று சொன்னால், பறித்த கை ஒன்று நம் மனக்கண்ணில் தோன்றும். பறிக்கப்பட்ட பொருள் அந்தக் கைக்குள் இருக்கும். 'டிப்ரைவ்' என்பதற்கு அந்தக் கை தேவையில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் பெய்த மழை ஓர் அணியின் வெற்றியைக் கெடுக்கலாம்: 'ரெய்ன் டிப்ரைவ்ட் தெம் ஆஃப் எ விக்டரி'. வெற்றி மழைக்குக் கிடைத்துவிடவில்லை. இந்த அணிக்குக் கிடைக்காமல் போனது, அவ்வளவே. இச்சொல் பேசுவது இழப்பைப் பற்றி மட்டுமே. ஆதாயத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இது வெறும் நடை அழகு பற்றிய செய்தி அன்று. சட்டமே இந்த வேறுபாட்டின் மீது நின்றிருக்கிறது. இந்திய அரசியலமைப்பில் முன்பு இருந்த, சொத்துரிமை பற்றிய 31 ஆம் உறுப்பில் 1955 ஆம் ஆண்டின் நான்காம் திருத்தம் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. ஒரு சொத்தின் உரிமையோ உடைமையோ அரசுக்கு மாற்றப்படாத வரையில், ஒரு சட்டம் ஒருவரை அவருடைய சொத்தை இழக்கச் செய்தாலும் அதைக் கட்டாயக் கையகப்படுத்தல் என்று கொள்ளக் கூடாது என்பது அப்பிரிவின் கருத்து. 'இழக்கச் செய்தாலும்' என்னும் இடத்தில் ஆங்கில மூலத்தில் நிற்கும் சொற்கள் 'டிப்ரைவ்ஸ் எனி பர்சன் ஆஃப் ஹிஸ் ப்ராப்பர்ட்டி' என்பவை. யாரும் எடுத்துக்கொள்ளாமலே ஒருவர் இழக்கலாம் என்னும் நிலையைச் சொல்வதற்கு 'பறி' போதாது.

இங்கிலாந்தின் 1968 ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டமும் கற்பவருக்கு நல்ல பாடம். பிறருக்குரிய பொருளை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்பவர், 'வித் தி இன்டென்ஷன் ஆஃப் பெர்மனென்ட்லி டிப்ரைவிங் தி அதர் ஆஃப் இட்', அதாவது உரியவரை அதை நிரந்தரமாக இழக்கச் செய்யும் எண்ணத்துடன் அவ்வாறு செய்தால், அது திருட்டு என்கிறது அதன் முதற்பிரிவு. இத்தொடரில் இரண்டு 'ஆஃப்' இருக்கின்றன. முதலாவது 'எண்ணம்' என்பதற்குரியது, இரண்டாவதே நம் வினைச்சொல்லுக்குரியது. 'தி அதர்' என்னும் ஆளும், 'இட்' என்னும் பொருளும் அதனதன் இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். நிரந்தரமாக இழக்கச் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும் என்பதால், ஒருவருடைய காரைச் சற்று நேரம் ஓட்டிவிட்டு விட்டுச்செல்பவரின் செயல் அங்கே திருட்டுக்குள் அடங்குவதில்லை. அதற்காக அதே சட்டத்தில் 12 ஆம் பிரிவு தனியாக எழுதப்பட்டது. இந்த நீண்ட தொடரை நான்கைந்து முறை உரக்கப் படித்தால், வாக்கிய அமைப்பு காதிலேயே தங்கிவிடும் என்பது என் அனுபவம்.

நான்காம் படி: 'டிப்ரைவ்', 'டினை' இரண்டையும் குழப்பாதீர்கள்

கேட்டதைக் கொடுக்க மறுப்பது 'டினை'. இருந்ததையோ இருந்திருக்க வேண்டியதையோ இழக்கச் செய்வது 'டிப்ரைவ்'. இலக்கணத்திலும் இரண்டும் வேறானவை: 'டினை' என்பதற்கு 'ஆஃப்' வராது. 'தே டினைட் ஹிம் எ வீசா' என்றால் அவருக்கு வீசா தர மறுத்தார்கள் என்று பொருள்.

இந்த வேறுபாட்டுக்கு இதுவரை நான் கண்ட மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, 1948 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பேரறிக்கையின் 15 ஆம் உறுப்பில் இருக்கிறது. 'நோ ஒன் ஷால் பி ஆர்பிட்ரரிலி டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் நேஷனாலிட்டி நார் டினைட் த ரைட் டு சேஞ்ச் ஹிஸ் நேஷனாலிட்டி' என்கிறது அது. ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கும் தேசிய இனத்துவத்தைத் தன்னிச்சையாக இழக்கச் செய்யக் கூடாது என்பதற்கு முதற்சொல்லும், அதை மாற்றிக்கொள்ள விரும்புபவருக்கு அந்த உரிமையை மறுக்கக் கூடாது என்பதற்கு இரண்டாம் சொல்லும் பயன்பட்டிருக்கின்றன. முதலாவதற்குப் பின் 'ஆஃப்' இருக்கிறது; இரண்டாவதற்குப் பின் இல்லை. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பாடமும் அடங்கிவிடுகின்றன.

நம் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் இந்தத் தெளிவு தேவைப்படுகிறது. இலங்கை மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையும் போயிற்று. 1947 பொதுத்தேர்தலில் வாக்களித்த மக்கள் அவர்கள். ஆகவே வாக்குரிமையைப் பற்றி எழுதும்போது 'தே வேர் டிப்ரைவ்ட் ஆஃப் த வோட்' என்பதே சரியான சொல். 'டினைட்' என்று எழுதினால், அவர்களுக்கு முன்பு வாக்கு இருந்தது என்னும் உண்மை வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடும். குடியுரிமையைப் பொறுத்தவரை, அந்தச் சட்டமே இலங்கைக் குடியுரிமையை முதன்முறையாக வரையறுத்து, அவர்களுக்கு அதைக் கிடைக்காமல் செய்தது என்பதால் 'டினைட் சிட்டிசன்ஷிப்' என்பது மிகவும் நுட்பமானது. கிடைத்திருக்க வேண்டியதை இழந்தார்கள் என்னும் பொருளில் 'டிப்ரைவ்ட்' என்று எழுதுவோரையும் பிழை சொல்ல முடியாது. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்பக் குற்றச்சாட்டின் எடை மாறுகிறது என்பதை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: செயப்பாட்டுவினையில் எழுவாயைச் சரிபாருங்கள்

இச்சொல் செய்வினையைவிடச் செயப்பாட்டுவினையிலேயே மிகுதியாகக் கண்ணில் படும். அங்கேயும் பழைய பிழை வேறு உருவத்தில் வருகிறது. 'என் பணிமூப்பு பறிக்கப்பட்டுள்ளது' என்பதை 'மை சீனியாரிட்டி ஹேஸ் பீன் டிப்ரைவ்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். இழந்தவர் பணிமூப்பு அன்று, நீங்கள். 'ஐ ஹேவ் பீன் டிப்ரைவ்ட் ஆஃப் மை சீனியாரிட்டி' என்று உங்களையே எழுவாயாக்க வேண்டும்.

இந்திய அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பு இதற்கு மாதிரி வாக்கியம்: 'நோ பர்சன் ஷால் பி டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் லைஃப் ஆர் பர்சனல் லிபர்ட்டி எக்ஸெப்ட் அக்கார்டிங் டு ப்ரொசீஜர் எஸ்டாப்ளிஷ்ட் பை லா'. சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அல்லாமல் எவரையும் அவருடைய உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ இழக்கச் செய்யக் கூடாது என்பது இதன் கருத்து. சென்னை மாநில அரசின் தடுப்புக்காவலை எதிர்த்து ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கிலும் (1950), கடவுச்சீட்டு முடக்கப்பட்டதை எதிர்த்து மேனகா காந்தி தொடுத்த வழக்கிலும் (1978) உச்ச நீதிமன்றம் பொருள் விளக்கிய சொற்கள் இவைதாம். சொத்துரிமை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட 44 ஆம் திருத்தத்துக்குப் பிறகு, 300ஏ உறுப்பில் 'நோ பர்சன் ஷால் பி டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் ப்ராப்பர்ட்டி சேவ் பை அத்தாரிட்டி ஆஃப் லா' என்று இதே அமைப்பு மீண்டும் வருகிறது. அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்திலும் (1791) உயிர், சுதந்திரம், சொத்து ஆகிய மூன்றும் இந்த வினைச்சொல்லுக்குப் பின்னால்தான் அணிவகுத்திருக்கின்றன. எல்லாவற்றிலும் எழுவாய் ஆளே. எதிலும் உயிரோ சொத்தோ எழுவாயாகவில்லை.

'ஆஃப்' என்பதற்குப் பின் பெயர்ச்சொல்தான் வர வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேர்வு எழுத முடியாமல் போனவர் 'ஐ வாஸ் டிப்ரைவ்ட் ஃப்ரம் ரைட்டிங் தி எக்ஸாம்' என்று எழுதுவது பிழை. அது 'ப்ரிவென்ட்' என்னும் தடுத்தலுக்குரிய அமைப்பு. இடையில் 'வாய்ப்பு' என்னும் பெயரைச் சேர்த்து, 'ஐ வாஸ் டிப்ரைவ்ட் ஆஃப் த சான்ஸ் டு சிட் தி எக்ஸாம்' என்று எழுதலாம்.

பெயராகவும் அடைமொழியாகவும் வரும்போது

'டெப்ரிவேஷன்' என்னும் பெயருக்குப் பின் ஆளுக்கு இடமில்லை. இழந்த பொருள் நேராக 'ஆஃப்' என்பதைத் தொடரும்: 'டெப்ரிவேஷன் ஆஃப் லிபர்ட்டி', சுதந்திர இழப்பு. இழந்த பொருளை முன்னால் ஒட்டிக் கூட்டுச்சொல்லாக்குவதும் உண்டு. 'ஸ்லீப் டெப்ரிவேஷன்' என்பது போதிய உறக்கம் பெறாத நிலை. படுத்தும் உறக்கம் வராத நோயாகிய 'இன்சோம்னியா' வேறு. இரவுப்பணி செய்யும் செவிலியருக்கு முதலாவதும், வேளையோடு படுத்தும் புரண்டுகொண்டிருப்பவருக்கு இரண்டாவதும் பொருந்தும்.

'டிப்ரைவ்ட்' என்பது 'ஆஃப்' இல்லாமல் பெயருக்கு முன் வரும்போது, வாழ்க்கைக்கு அடிப்படையான வசதிகள் கிடைக்காத என்று பொருள்: 'எ டிப்ரைவ்ட் சைல்ட்ஹுட்', 'எ டிப்ரைவ்ட் ஏரியா'. இங்கே என்ன இழந்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஊர்ப்பகுதிகளின் பின்தங்கிய நிலையை அளவிடும் அரசுக் குறியீட்டுக்கு 'இன்டெக்ஸ் ஆஃப் மல்டிப்பிள் டெப்ரிவேஷன்' என்றே பெயர். வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீட்டுவசதி, சுற்றுச்சூழல் என ஏழு துறைகளை அது கணக்கில் கொள்கிறது. வெறும் 'ஏழ்மை' என்று இதை மொழிபெயர்த்தால் பொருள் குறைந்துவிடும். பணம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

'ப்ரைவேஷன்' என்னும் உறவுச்சொல்லும் உண்டு. வறுமையால் வரும் இன்மைக்கு இன்று அது வழங்குகிறது. சட்டம் படிப்போர், 2024 வரை நடைமுறையில் இருந்த 1860 ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320 ஆம் பிரிவில், கொடுங்காயத்தின் வகைகளுள் ஒன்றாக ஒரு கண்ணின் பார்வையை நிரந்தரமாக இழத்தலைக் குறிக்க இச்சொல் நிற்பதைக் காணலாம்.

வேறு சொல் தேவைப்படும் இடங்கள்

சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்வதற்கு 'டிடக்ட்', கணக்கில் கழிப்பதற்கு 'சப்ட்ராக்ட்', கறையை நீக்குவதற்கு 'ரிமூவ்', வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கு 'வித்ட்ரா'. இந்த இடங்களில் 'டிப்ரைவ்' வராது.

எழுதிப் பாருங்கள்

கீழே உள்ள நான்கு வாக்கியங்களை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பிறகு விடையைப் பார்க்கவும். 'வெள்ளம் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வாழ்வாதாரத்தைப் பறித்தது.' 'என் பணப்பையை யாரோ திருடிவிட்டார்கள்.' 'எனக்கு விடுப்பு மறுக்கப்பட்டது.' 'தாயின் அரவணைப்பு கிடைக்காமல் வளர்ந்த குழந்தை அது.'

முதல் வாக்கியம், 'த ஃப்ளட் டிப்ரைவ்ட் ஹன்ட்ரெட்ஸ் ஆஃப் ஃபேமிலீஸ் ஆஃப் தேர் லைவ்லிஹுட்'. தமிழில் 'குடும்பங்களின்' என்று உடைமையாக நின்றது, ஆங்கிலத்தில் செயப்படுபொருளாகிவிட்டது. 'ஹன்ட்ரெட்ஸ்' என்பதைத் தொடரும் 'ஆஃப்' எண்ணிக்கைக்குரியது என்பதால், அது ஏற்கெனவே இருக்கிறதே என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. இரண்டாவதில் 'சம்ஒன் ஹேஸ் ஸ்டோலன் மை வாலட்'. திருட்டுக்கு 'ஸ்டீல்' போதும். மூன்றாவதில் 'ஐ வாஸ் டினைட் லீவ்'; கேட்டது கிடைக்கவில்லை, இருந்தது போகவில்லை. நான்காவதற்கு 'த சைல்ட் க்ரூ அப் டிப்ரைவ்ட் ஆஃப் எ மதர்ஸ் கேர்' என்று எழுதலாம். யார் இழக்கச் செய்தார் என்று இந்த வாக்கியத்தில் எவரும் கேட்கப்போவதில்லை; இழந்த குழந்தை மட்டும் எழுவாயாக முன்னால் நிற்கிறது.